பால் கெட்டுப் போகும், ஃபைல் காணாமல் போகும்: ஆங்கில வினைகள் எதோடு சேரும்?

கேள்வி கேட்டவர் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார், தினமும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறார். அவர் எழுதிய நான்கு வாக்கியங்களை மேலாளர் திருத்தியிருக்கிறார்: ‘ஐ டிட் எ மிஸ்டேக்’, ‘த ஃபைல் பிகேம் மிஸ்ஸிங்’, ‘இட் பிகேம் லேட்’, ‘த ரிப்போர்ட் லுக்ஸ் நீட்லி’. “காலம் சரி, சொற்களின் வரிசையும் சரி. பிறகு எங்கே தவறு? எந்த வினையோடு எந்தச் சொல் சேரும் என்பதற்கு விதி இருக்கிறதா, அல்லது எல்லாமே மனப்பாடம்தானா?” என்று கேட்கிறார்.

பாதிக்கு விதி மாதிரி ஒன்று இருக்கிறது. மீதியைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும். வினையோடு பெயரடை சேரும் இடங்களில் ஓரளவு காரணம் சொல்ல முடியும். பெயர்ச்சொல் சேரும் இடங்களில் காரணம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இதில் ஒன்று உறுதியாகத் தெரியும். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் குழி தோண்டுகிற இடங்களும் உண்டு, கைபிடித்துக் கூட்டிப்போகிற இடங்களும் உண்டு. எது எது என்று தெரிந்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

முதலில் குழியைப் பார்ப்போம். தமிழில் ‘ஆகு’ என்று ஒரு வினை இருக்கிறது. நேரமாயிற்று, கோபமானான், வயதாயிற்று, கல்யாணமாயிற்று, தண்ணீர் சூடாயிற்று என்று எல்லா மாற்றத்தையும் அது ஒன்றே தாங்கும். பள்ளிக்கூடத்தில் ‘ஆகு’ என்றால் ‘பிகம்’ என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதனால் எங்கெல்லாம் தமிழில் ‘ஆயிற்று’ வருகிறதோ அங்கெல்லாம் கை தானாக ‘பிகேம்’ எழுதுகிறது. ஆங்கிலேயர் அந்த ஐந்தையும் ‘இட் காட் லேட்’, ‘ஹி காட் ஆங்க்ரி’, ‘ஹி க்ரூ ஓல்ட்’, ‘ஷி காட் மேரீட்’, ‘த வாட்டர் காட் ஹாட்’ என்பார்கள். ஒரு இடத்தில்கூட ‘பிகம்’ இல்லை. உங்கள் மூன்றாவது வாக்கியத்தின் சிக்கல் இதுதான். அன்றாடப் பேச்சில் மாற்றத்தைச் சொல்ல முதலில் வருவது ‘கெட்’: கெட் டயர்ட், கெட் வெட், கெட் ஹங்ரி, கெட் போர்ட், கெட் ரெடி, கெட் லாஸ்ட், கெட் வொர்ஸ். எந்த வினை என்று குழப்பம் வந்தால் ‘கெட்’ போடுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

‘பிகம்’ கொஞ்சம் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிற சொல். பிகேம் க்ளியர், பிகேம் அவேர், பிகேம் ஃபேமஸ், பிகேம் அவைலபிள், பிகேம் நெசசரி என்று, அறிவும் நிலையும் சம்பந்தப்பட்ட, கொஞ்சம் எழுத்துநடைச் சொற்களோடு அது இயல்பாக இருக்கும். அப்புறம் அதற்கு ஒரு தனி உரிமை உண்டு. ‘டாக்டரானார்’ என்பது போலப் பெயர்ச்சொல்லோடு மாற்றத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ‘பிகேம் எ டாக்டர்’தான். அங்கே ‘கெட்’டையோ ‘கோ’வையோ வைக்க முடியாது.

இப்போது கைபிடித்துக் கூட்டிப்போகிற இடம். இதைத்தான் என் வகுப்பில் அதிக நேரம் நின்று சொல்வேன்.

பால் கெட்டுப் போயிற்று. பழம் அழுகிப் போயிற்று. சாவி தொலைந்து போயிற்று. கை மரத்துப் போயிற்று. இந்த ‘போ’ எங்கும் நடந்து போகவில்லை. முக்கிய வினைக்குப் பின்னால் நின்று, ‘நல்ல நிலையிலிருந்து கைநழுவிவிட்டது, இனி பழையபடி இல்லை’ என்கிற வருத்தத்தைச் சேர்க்கிறது. ஆங்கிலத்தின் ‘கோ’ பெயரடையோடு சேரும்போது செய்வதும் இதையேதான். த மில்க் வென்ட் பேட். த ஃப்ரூட் வென்ட் ராட்டன். த கீ வென்ட் மிஸ்ஸிங். மை ஹேண்ட் வென்ட் நம். இன்னும் பாருங்கள்: கோ ப்ளைண்ட், கோ டெஃப், கோ பால்ட், கோ மேட், கோ ஸவர், கோ மோல்டி, கோ ராங், கோ பேங்க்ரப்ட். பார்வை போவது, காது போவது, முடி போவது, புத்தி போவது, புளித்துப் போவது, பூசணம் பிடிப்பது, திட்டம் தவறிப் போவது, திவாலாகிப் போவது. பேசிக்கொண்டிருக்கும்போது போன் இணைப்பு அறுந்தால் ‘த லைன் வென்ட் டெட்’. உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கு விடை இங்கே கிடைத்துவிட்டது. ஃபைல் ‘காணாமல் போயிற்று’ என்றுதானே மனத்தில் நினைத்தீர்கள்? அந்தப் ‘போ’வை அப்படியே நம்பியிருந்தால் ‘வென்ட் மிஸ்ஸிங்’ என்று சரியாக வந்திருக்கும்.

எதிர்த்திசை பெரும்பாலும் ‘கோ’வுக்கு ஒத்துவராது. குருடாவது ‘கோ ப்ளைண்ட்’, ஆனால் குணமாவது ‘கெட் வெல்’, ‘கெட் பெட்டர்’. தமிழிலும் ‘குணமாகிப் போயிற்று’ என்று யாரும் சொல்வதில்லை.

ஒற்றுமை இன்னும் ஆழமாகப் போகிறது. ‘அந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் போயிற்று’, ‘கடிதத்துக்குப் பதில் வராமலே போயிற்று’ என்கிறோம். இந்த ‘ஆமல் போ’வுக்கு ஆங்கிலத்தில் கச்சிதமான இணை உண்டு: கோ அன்னோட்டிஸ்ட், கோ அன்ஆன்ஸர்ட், கோ அன்பனிஷ்ட். நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்கவில்லை என்ற ஆதங்கம் இரண்டு மொழியிலும் ஒரே வினையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், ‘போவது’ என்ற சாதாரணச் செயலை எடுத்து ஒரே விதமான இழப்புக்குப் பயன்படுத்துகின்றன.

இதே வரிசையில் ஒரு நுட்பமான வேறுபாடு. ‘கெட் ஹங்ரி’ என்றால் பசி எடுப்பது. ‘கோ ஹங்ரி’ என்றால் சாப்பாடு கிடைக்காமல் பட்டினி கிடப்பது. வினை மாறினால் ஏழ்மையே உள்ளே வந்துவிடுகிறது. மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி எழுதும்போது குழந்தைகள் ‘கெட் ஹங்ரி’ என்று எழுதினால் சொல்ல வந்ததே கெட்டுவிடும்.

‘கோ’ எப்போதும் கெட்டதற்குத்தான் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். வழக்கமான நிலையை விட்டு வெளியே போவது என்ற பொருளில் கோ வைரல், கோ லைவ், கோ டிஜிட்டல், கோ வெஜிடேரியன் எல்லாம் உண்டு. நிறங்களும் வரும்: முகம் வெளிறினால் ‘வென்ட் பேல்’, முடி நரைத்தால் ‘வென்ட் க்ரே’. ஆனால் டயர்ட், ஓல்ட், இல் ஆகிய மூன்றோடும் சாதாரண வழக்கில் ‘கோ’ சேராது. கெட் டயர்ட், க்ரோ ஓல்ட், ஃபால் இல் என்று வேறு வினைகள் அவற்றை எடுத்துக்கொள்கின்றன.

‘போ’வுக்கு ‘கோ’ என்றால் ‘வா’வுக்கு ‘கம்’ வர வேண்டும் அல்லவா? வருகிறது. கதவுக் கைப்பிடியை இழுத்தேன், ‘கழன்று வந்துவிட்டது’ என்கிறோம். இட் கேம் லூஸ், இட் கேம் ஆஃப், இட் கேம் அபார்ட். ஷூ லேஸ் அவிழ்ந்தால் ‘கேம் அன்டைட்’, தைத்தது பிரிந்தால் ‘கேம் அன்டன்’. கட்டி வைத்திருந்த, ஒட்டியிருந்த ஒன்று விடுபடுவதற்கு ‘கம்’. இதிலிருந்து கொஞ்சம் தள்ளி, மறைந்திருந்த ஒன்று வெளிப்பட்டு நிஜமாவதற்கும் அதே வினை: கனவு பலித்தால் ‘கேம் ட்ரூ’, ஓவியம் உயிர்பெற்றால் ‘கேம் அலைவ்’.

மற்ற வினைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஃபால்’ நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் சட்டென்று ஒரு நிலைக்குள் விழுவது: ஃபால் அஸ்லீப், ஃபால் இல், ஃபால் ஸைலன்ட். பதவி காலியானால் ‘ஃபெல் வேக்கன்ட்’, வாடகைக் கெடு வந்தால் ‘ஃபெல் ட்யூ’. ‘டர்ன்’ திரும்பிவிட்டது என்பதைச் சொல்லும்: இலை மஞ்சளாவது, வானிலை குளிராவது, கூட்டம் வன்முறையில் இறங்குவது, ஒருவருக்கு நாற்பது வயது பிறப்பது எல்லாம் ‘டர்ன்’. இதற்குப் பின்னால் சில பெயர்ச்சொற்கள் வரும்போது ‘எ’ விழுந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். துரோகியானான் என்பதற்கு ‘பிகேம் எ ட்ரெய்ட்டர்’, ஆனால் ‘டர்ன்ட் ட்ரெய்ட்டர்’. ‘ரன்’ பெரும்பாலும் தீர்ந்துபோவதன் பக்கம் நிற்கும்: கிணறு வற்றினால் ‘ரேன் ட்ரை’, கையிருப்பு குறைந்தால் ‘ரேன் லோ’, ‘ரேன் ஷார்ட்’. ‘க்ரோ’ மெல்ல மெல்ல நடக்கிற மாற்றம். க்ரோ ஓல்ட், க்ரோ டார்க், க்ரோ இம்பேஷன்ட் என்று கதை சொல்லும் நடையில் அதிகம் பார்க்கலாம். மாற்றமே இல்லாமல் அப்படியே இருப்பதற்கு கீப் கொய்ட், ஸ்டே அவேக், ரிமெய்ன் ஸைலன்ட்.

உங்கள் நான்காவது வாக்கியம், ‘லுக்ஸ் நீட்லி’, இன்னொரு குழி. இதற்குக் காரணம் தமிழின் ‘ஆக’. ‘அழகாகப் பாடினாள்’ என்கிறோம், ‘அழகாக இருக்கிறாள்’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் ‘ஆக’ பாடிய விதத்தைச் சொல்கிறது. இரண்டாவதில் ஆளின் தன்மையைச் சொல்கிறது. தமிழுக்கு இரண்டும் ஒரே உருவம். ஆங்கிலத்தில் முதலாவது ‘ப்யூட்டிஃபுலி’, இரண்டாவது ‘ப்யூட்டிஃபுல்’. லுக், ஸவுண்ட், டேஸ்ட், ஸ்மெல், ஃபீல் ஆகிய ஐந்தும் பொருளின் தன்மையைச் சொல்லும்போது பெயரடையைத்தான் கேட்கும். பாயசம் ‘டேஸ்ட்ஸ் ஸ்வீட்’, மல்லிகை ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்’, அறிக்கை ‘லுக்ஸ் நீட்’. சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘ரிப்போர்ட் இஸ் நீட்’ என்பது சரியாக ஒலிக்கிறது, ‘இஸ் நீட்லி’ அந்தரத்தில் நிற்கிறது.

சரி, இனி பெயர்ச்சொற்கள்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் தமிழ் கற்க வருகிறார் என்று வையுங்கள். சண்டை போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு, மாத்திரை போடு. படம் எடு, பசி எடுக்கிறது, ஓய்வு எடு, வாந்தி எடு. வெயில் அடிக்கிறது, கண் அடி, மொட்டை அடி. ஏன் சண்டையைப் போட வேண்டும், ஏன் வாந்தியை எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. வினை தன் சொந்தப் பொருளை ஏறக்குறைய விட்டுவிட்டது. பெயர்ச்சொல்தான் பொருளைச் சுமக்கிறது. வினை காலத்தையும் ஆளையும் காட்டினால் போதும். டென்மார்க்கைச் சேர்ந்த ஆங்கில இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இப்படிப்பட்ட ஆங்கில வினைகளுக்கு ‘லைட் வெர்ப்’, அதாவது எடை இழந்த வினை என்று பெயர் வைத்தார். மேக், டூ, டேக், ஹேவ், கிவ் என்ற ஐந்தும் அந்தக் கூட்டத்தின் பெரியவர்கள்.

பேச்சுத் தமிழில் ‘பண்ணு’ எதையும் ஏற்றுக்கொள்கிறது. ட்ரை பண்ணு, கால் பண்ணு, மிஸ்டேக் பண்ணிட்டேன். அந்தப் ‘பண்ணு’வையும் எழுத்துத் தமிழின் ‘செய்’யையும் ‘டூ’ என்று மாற்றும்போதுதான் ‘டிட் எ மிஸ்டேக்’ பிறக்கிறது. சரியானது ‘மேட் எ மிஸ்டேக்’. இங்கே கைக்கு உதவுகிற ஒரு அடையாளம் உண்டு. செயல் முடிந்த பிறகு முன்பு இல்லாத ஏதோ ஒன்று உலகத்தில் மிஞ்சுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ‘மேக்’. சத்தம், வாக்குறுதி, பட்டியல், திட்டம், புகார், முடிவு, தவறு எல்லாம் அப்படி மிஞ்சுபவை: மேக் எ நாய்ஸ், மேக் எ ப்ராமிஸ், மேக் எ ப்ளான், மேக் எ கம்ப்ளெயின்ட். செய்து முடிக்க வேண்டிய வேலை என்றால் ‘டூ’: ஹோம்வொர்க், ஷாப்பிங், எக்சர்சைஸ், பாத்திரம் கழுவுவது. இந்த அடையாளம் எல்லா இடத்திலும் காப்பாற்றாது. டேமேஜ், ஹார்ம், ஃபேவர், பிஸினஸ் நான்கும் ‘டூ’வோடு போகும், அதற்கு நான் காரணம் சொல்லித் தரமாட்டேன், அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

‘டேக் எ டெசிஷன்’ தவறு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். முடிவு ‘எடுப்பது’ தமிழின் தாக்கம் என்பது அவர்கள் வாதம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதுவும் இருக்கிறது, குறிப்பாக நிர்வாக நடையில். அமெரிக்கர் பெரும்பாலும் ‘மேக்’தான். எங்கும் செல்லுபடியாவது ‘மேக்’ என்பதால் அதையே பழகிக்கொள்ளச் சொல்வேன். குளிப்பது பிரிட்டனில் ‘ஹேவ் எ பாத்’, அமெரிக்காவில் ‘டேக் எ பாத்’. கனவைத் தமிழில் காண்கிறோம், ஆங்கிலத்தில் ‘ஹேட் எ ட்ரீம்’. மாத்திரையைத் தின்பதும் இல்லை, போடுவதும் இல்லை, ‘டேக் எ டாப்லெட்’.

எதற்காக ஆங்கிலம் இப்படிச் சுற்றி வளைக்கிறது, ‘வாக்’ என்று சொன்னால் போதாதா, ‘ஹேவ் எ வாக்’ எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். ‘தூங்கினேன்’ என்பதற்கும் ‘ஒரு தூக்கம் போட்டேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டாவதில் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு துண்டுத் தூக்கம் இருக்கிறது, கொஞ்சம் சொகுசும் இருக்கிறது. ஹேவ் எ லுக், டேக் எ நாப், கிவ் இட் எ ட்ரை எல்லாவற்றிலும் அந்த ‘ஒரு’ இருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. பெயர்ச்சொல்லாக மாற்றிவிட்டால் அதன்மேல் எந்தப் பெயரடையையும் ஏற்றலாம். டேக் எ குட் லாங் லுக், மேட் எ டெரிபிள் மிஸ்டேக், கேவ் எ வெரி மூவிங் ஸ்பீச். இவற்றை வினையாக மட்டும் வைத்துக்கொண்டு வினையடை தேடினால் வாக்கியம் நொண்டும்.

தமிழ் உதவுகிற இணைகளும் இங்கே உண்டு. வரி செலுத்துகிறோம், கவனமும் செலுத்துகிறோம், அஞ்சலியும் செலுத்துகிறோம். ஆங்கிலத்தின் ‘பே’ அப்படியே: பே டாக்ஸ், பே அட்டென்ஷன், பே ஹோமேஜ். கொடுக்க வேண்டிய கடன் என்ற எண்ணம் மூன்றிலும் பொது. ‘பிடி’யும் அப்படித்தான். சளி பிடிக்கிறது, தீப் பிடிக்கிறது, பஸ் பிடிக்கிறோம்; ‘கேட்ச்’ மூன்றையும் எடுத்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில் மேலே போனால் அடிபடுவோம். பைத்தியம் பிடிப்பது ‘கோ மேட்’, துருப் பிடிப்பது ‘கோ ரஸ்டி’. ‘பிரேக்’ இன்னும் விரிவானது. வாக்கை மீறுகிறோம், சட்டத்தை மீறுகிறோம், சாதனையை முறியடிக்கிறோம், மௌனத்தைக் கலைக்கிறோம். ஆங்கிலத்தில் நான்கும் ஒரே உடைப்புதான்: பிரேக் எ ப்ராமிஸ், பிரேக் த லா, பிரேக் எ ரெக்கார்ட், பிரேக் த ஸைலன்ஸ்.

தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. மீனுக்குத் தண்ணீர் மாதிரி. வெளியிலிருந்து வருபவருக்குத்தான் முள்ளாகக் குத்தும். ஆங்கிலேய மொழியியலாளர் ஹெரால்ட் பால்மர் 1922-இல் ஜப்பானுக்குப் போய் ஆங்கிலக் கல்வியைச் சீர்திருத்தும் வேலையில் இறங்கினார். ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து அவர் அறிக்கை வெளியிட்டது 1933-இல், டோக்கியோவிலிருந்து. அவரோடு வேலை செய்த ஏ. எஸ். ஹார்ன்பி, மாணவர்களுக்காக உருவாக்கிய அகராதி 1942-இல் அதே நகரத்தில் வெளிவந்தது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியலாம் என்று 1957-இல் எழுதிய ஆங்கிலேய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த், 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆசிய மாணவர்களின் திணறல்தான் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது என்று நான் நம்புகிறேன். உங்கள் நான்கு வாக்கியங்களுக்காக வெட்கப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

எப்படிப் பழகுவது? சொற்களைத் தனித்தனியாக எழுதி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நோட்டில் ‘டெசிஷன்’ என்று எழுதாதீர்கள், ‘மேக் எ டெசிஷன்’ என்று எழுதுங்கள். ‘மோல்டி’ என்று புதிதாகப் பார்த்தால் ‘ப்ரெட் வென்ட் மோல்டி’ என்று முழுதாக. வாரத்துக்கு ஒரு வினை போதும். அந்த வாரம் செய்தித்தாளில் அந்த வினை வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். என் மாணவர்களுக்கு மிகவும் பலன் தந்த பயிற்சி ஒன்று உண்டு. நல்ல ஆங்கிலப் பத்தி ஒன்றை இன்று தமிழில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், உங்கள் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலமாக்குங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் ‘பிகம்’, ‘டூ’ என்று கை ஓடியிருக்கிறதோ அதெல்லாம் சிவப்பு மை இல்லாமலே தெரியும்.

கடைசியாக, திருத்தவே வேண்டாத சிலவும் உண்டு. பரீட்சை ‘எழுதுவது’ தமிழ் வழக்கு என்பதால் ‘ரைட் அன் எக்ஸாம்’ தவறு என்று அடிப்பார்கள். பிரிட்டனில் ‘டேக்’ அல்லது ‘ஸிட்’ என்பது உண்மை. ஆனால் கனடாவிலும் பரீட்சையை எழுதத்தான் செய்கிறார்கள். சென்னையில் உள்ளவருக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் அதை மாற்ற எந்த அவசியமும் இல்லை. ‘ஐ ஹேவ் எ டவுட்’ மட்டும் வேறு மாதிரி. இந்தியாவில் அது ‘ஒன்று கேட்க வேண்டும்’ என்று புரியும். லண்டனில் இருப்பவர் அதைப் படித்தால், அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அவருக்கு எழுதும்போது ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று மாற்றிவிடுங்கள்.